பேட்டரி கம்பெனிக்காரர் வரைந்த மதுரை

ஷிஃப்ட் முடிந்த பிறகு... - வேலை நேரத்துக்கு வெளியே விரியும் வாழ்க்கையைப் பேசும் தொடர்

ஒரகடத்திலோ வல்லத்திலோ நான்கு பேர் தங்கும் அறையில் இருந்துகொண்டு ஓவியம் பழக ஆசைப்படுகிறவருக்கு முதல் பிரச்னை இடம்தான். ஒரு கட்டில், அதற்கடியில் ஒரு பெட்டி, சுவரில் இரண்டு ஆணி. இதுதான் ஒருவரின் பங்கு. கேன்வாஸை எங்கே நிறுத்துவது? ஆயில் பெயின்ட் வாடை வந்தால் பக்கத்துக் கட்டில்காரர் சும்மா இருப்பாரா? அவர் நைட் ஷிஃப்ட் முடித்து அப்போதுதான் கண் மூடியிருப்பார். வாட்டர் கலர் என்றால் தண்ணீர் வேண்டும், பிரஷ் கழுவ வேண்டும், காய வைக்க வேண்டும்.

இந்தக் கவலை எதுவும் இல்லாத ஓவிய வகை ஒன்று உண்டு. ஒரு கறுப்புப் பேனா, கொஞ்சம் தடித்த தாள், தாளை வைத்துக்கொள்ள ஓர் அட்டை. மடியில் வைத்தே வரையலாம். பாதியில் நிறுத்திவிட்டு கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடலாம். திரும்பி வந்து, விட்ட கோட்டிலிருந்து தொடரலாம். தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுத் தூங்கலாம்.

பேனாவும் மையும் மட்டுமே கொண்டு வரையும் இந்தக் கலையில் தமிழ்நாடு பெருமையோடு சொல்லிக்கொள்ளும் பெயர்களில் ஒன்று, முழுநேர ஓவியருடையது அல்ல. அவரும் ஒரு கம்பெனி ஆள். பேட்டரி தயாரிக்கும் தொழிற்சாலையில் சம்பளம் வாங்கியவர். பெயர், மனோகர் தேவதாஸ்.

கெமிஸ்ட்ரி படித்தவர்

1936-ல் மதுரையில் பிறந்தவர் மனோகர் தேவதாஸ். சேதுபதி பள்ளியில் படித்தார். பாரதியார் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்த அதே பள்ளி. பிறகு அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல். படிப்பு முடிந்ததும் சென்னைக்கு வந்து, ஓல்டாம் என்ற பேட்டரி தொழிற்சாலையின் தொழில்நுட்பப் பிரிவில் சேர்ந்தார். இடையில் அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியில் மேற்படிப்பு. ஓவியக் கல்லூரிப் பட்டம் எதுவும் அவரிடம் கிடையாது.

பேட்டரி என்பது ஈயத் தகடும் அமிலமும். தகட்டின் கனம், அமிலத்தின் அடர்த்தி என்று எல்லாமே அளவில் நிற்கும் தொழில். குத்துமதிப்பு அங்கே எடுபடாது. அவர் வரைந்த மீனாட்சியம்மன் கோயில் கோபுரத்தைப் பார்க்கிறவர்களுக்கும் முதலில் தோன்றுவது இந்த அளவுச் சுத்தம்தான். அடுக்குக்கு அடுக்கு குறுகிப்போகும் கோபுரத்தின் விகிதம் பிசகுவதில்லை. அருகில் இருக்கும் வீட்டின் ஓட்டு வரிசை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கக்கூடிய அளவுக்குத் தெளிவாக இருக்கும்.

இத்தனை நுணுக்கத்தையும் போட்டவரின் பார்வை, வரைய வரையச் சுருங்கிக்கொண்டே வந்தது என்பதுதான் கதையின் மறுபக்கம்.

சுருங்கிய வட்டம்

அவருக்கு வந்தது 'ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோஸா' என்ற விழித்திரை நோய். மரபணு வழியாக வருவது. நம் விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் இரண்டு வகை. மங்கிய வெளிச்சத்திலும் ஓரப் பார்வையிலும் உதவுபவை ஒரு வகை. நல்ல வெளிச்சத்தில் நிறத்தையும் நுணுக்கத்தையும் காட்டுபவை இன்னொரு வகை. இந்த நோயில் பெரும்பாலும் முதல் வகைதான் முதலில் சாகத் தொடங்கும். அதனால் ஆரம்பத்தில் இருட்டில் தடுமாற்றம். பிறகு பக்கவாட்டில் வருவது தெரியாது. போகப்போக, ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி அதன் வழியே உலகத்தைப் பார்ப்பதுபோல் ஆகிவிடும். குழலின் வாயும் ஆண்டுக்கு ஆண்டு சிறுக்கும்.

படம் வரைகிறவருக்கு இது என்ன செய்யும் என்று யோசித்தால் அதன் கடுமை புரியும். வரைகிற தாள் முழுசாக ஒரே பார்வையில் தெரியாது. இடது ஓரத்தில் கோபுரம் போட்டுக்கொண்டிருக்கும்போது வலது ஓரத்தில் இருக்கும் மண்டபம் கண்ணில் இருக்காது. கோபுரம் பெரிதாகிவிட்டதா, மண்டபம் இறங்கிவிட்டதா என்று தள்ளி நின்று பார்த்துச் சரிசெய்வது எல்லா ஓவியர்களும் செய்கிற வேலை. அது இவருக்குக் கடினமாகிக்கொண்டே போனது.

அந்த இடத்தில் கைகொடுத்தது கணக்கு. ஒரு காட்சியில் எது எவ்வளவு தூரத்தில் இருந்தால் எவ்வளவு உயரமாகத் தெரியும், இணையான இரண்டு சுவர்கள் தொலைவில் எந்தப் புள்ளியில் போய்ச் சேரும் என்பதெல்லாம் ஓவியத்தில் 'பெர்ஸ்பெக்டிவ்' என்று சொல்லப்படும் விதிகள். அந்த விதிகளில் அவருக்கு இருந்த பிடிப்பு படத்துக்குப் படம் தெரியும். முழுக் காட்சியையும் மனதில் கட்டிக்கொண்டு, தாளில் சிறு சிறு துண்டாக நிரப்பிக்கொண்டு போனால், கடைசியில் துண்டுகள் பிசகாமல் சேரும். வலுவான வெளிச்சமும் அதிகப் பவர் கொண்ட கண்ணாடியும் துணை. ஒரு படம் முடிய வாரக்கணக்கு, சமயத்தில் மாதக்கணக்கு.

நல்ல கண் இருக்கிறவர்கள் ஒரு கட்டடத்தை அரை நிமிடம் பார்த்துவிட்டு, தெரிந்துகொண்டதாக நினைத்துவிடுகிறார்கள். ஒரு சமயத்தில் ஒரு ஜன்னல் மட்டுமே தெரிகிறவர் அந்த ஜன்னலின் கம்பிகளை எண்ண வேண்டியிருக்கிறது. மனோகர் தேவதாஸின் படங்களில் இருக்கும் நுணுக்கத்துக்குக் கண்ணின் கூர்மையைவிட, பார்ப்பதற்கு அவர் கொடுத்த நேரமே காரணமாக இருக்க வேண்டும்.

மஹிமா

அவர் மனைவி மஹிமாவும் ஓவியர். 1972 டிசம்பர் இறுதியில் ஒரு சாலை விபத்து. தோளுக்குக் கீழே மஹிமாவின் உடல் செயலிழந்தது. படம் வரைந்த கைகள் அதற்குப் பிறகு பிரஷைப் பிடிக்கவில்லை. அப்போது அவர்களுக்குச் சின்னஞ்சிறு மகள்.

அடுத்த 35 ஆண்டுகளுக்கு மேல், 2008-ல் மஹிமா மறையும் வரை, அந்த வீட்டில் ஒருவருக்குக் கை இல்லை, இன்னொருவருக்குக் கண் குறைந்துகொண்டே வந்தது. மனோகர் கம்பெனி வேலைக்குப் போனார், மனைவியைக் கவனித்துக்கொண்டார், படமும் வரைந்தார். வீட்டில் யாராவது படுக்கையாக இருந்து அவர்களைப் பார்த்துக்கொண்டே வேலைக்கும் போய்வருகிற எந்தக் குடும்பத்துக்கும் இந்த ஒரு வரிக்குள் எத்தனை இரவுகள் இருக்கின்றன என்பது தெரியும். அவர்களைப் பற்றி எழுதியவர்கள் பலரும் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று உண்டு. அந்த வீட்டுக்குப் போனவர்கள் மஹிமாவின் சிரிப்பை நினைவில் வைத்துக்கொண்டு திரும்பினார்கள்.

இருவரும் சேர்ந்து செய்த காரியம் வாழ்த்து அட்டை. மனோகரின் பேனா ஓவியங்களை அட்டையாக அச்சிட்டார்கள். படத்தோடு வரும் குறிப்புகளுக்கு மஹிமாவின் சொற்கள். விற்று வந்த பணம் அறப்பணிகளுக்குப் போனது. ஏழைகளின் கண் சிகிச்சைக்கு உதவுவது அதில் முக்கியமானது. தன் கண்ணுக்கு மருந்து கிடைக்காத ஒருவர், அந்தக் கண்ணால் வரைந்த படத்தை விற்று, சிகிச்சையால் சரியாகக்கூடிய கண்களுக்குக் கொடுத்தார். கறுப்பு மையில் வரைந்த கோட்டோவியம் என்பதால் நல்ல முறையில், சிக்கனமாக அச்சிடவும் முடிந்தது. பேனா ஓவியத்துக்கு இப்படியும் ஒரு பயன்.

கோடு எப்படி நிழல் ஆகிறது?

பென்சிலில் அழுத்தினால் கறுப்பு, தளர்த்தினால் சாம்பல். வாட்டர் கலரில் தண்ணீர் சேர்த்தால் வெளிறும். பேனாவில் அந்த வசதி கிடையாது. மை பட்ட இடம் கறுப்பு, படாத இடம் வெள்ளை. நடுவில் எதுவும் இல்லை. பிறகு எப்படி மேகமும் தண்ணீரும் மாலை வெயிலும் பேனாவில் வருகின்றன?

வழிகள் மூன்று. முதலாவது, இணைகோடுகள். ஒரே திசையில் அருகருகே மெல்லிய கோடுகள் போடுவது. கோடுகள் நெருங்கினால் இருட்டு, விலகினால் வெளிச்சம். இரண்டாவது, குறுக்குக்கோடுகள். ஒரு திசையில் போட்ட கோடுகளின் மேல் இன்னொரு திசையில் ஒரு வரிசை, தேவைப்பட்டால் மூன்றாவது திசையிலும். பாய் முடைவதுபோல. ஒவ்வொரு அடுக்குக்கும் நிழல் கனக்கும். மூன்றாவது, புள்ளி. ஆயிரக்கணக்கில் புள்ளி வைத்தே நிழல் கொண்டுவருவது. இதற்குப் பொறுமை அதிகம் வேண்டும், ஆனால் முகம், மணல், பழைய சுண்ணாம்புச் சுவர் போன்றவற்றுக்கு இதைப்போல் பொருந்துவது வேறில்லை.

இதில் கோட்டின் திசைக்கும் வேலை உண்டு. தூணைச் சுற்றி வளைந்து போகும் கோடு தூணை உருண்டையாகக் காட்டும். அதே தூணில் நேர்க்கோடுகளை இழுத்தால் பலகைபோல் தட்டையாகிவிடும். தண்ணீருக்குப் படுக்கைக் கோடு. பனைமரத்துக்கு அதன் வளையங்களைத் தொடரும் கோடு. பொருள் எப்படி வளர்ந்ததோ, எப்படிக் கட்டப்பட்டதோ அதே வழியில் பேனா போக வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது, எங்கே கோடு போடாமல் விடுவது என்பது. பேனா ஓவியத்தில் வெளிச்சம் என்பது ஓவியர் தொடாமல் விட்ட தாள். வெயில் அடிக்கும் மொட்டைமாடி வேண்டும் என்றால் மொட்டைமாடியைத் தொடக் கூடாது, அதைச் சுற்றியுள்ளதை வரைய வேண்டும். ஒருமுறை மை பட்டுவிட்டால் ரப்பர் உதவாது. பிளேடால் லேசாகச் சுரண்டலாம், வெள்ளை போஸ்டர் கலர் வைத்து மூடலாம். அவ்வளவுதான்.

பத்திரிகைகள் வளர்த்த கை

தமிழ்நாட்டில் இந்தக் கலையை வீட்டுக்கு வீடு கொண்டுபோனவை வார, மாதப் பத்திரிகைகள். அதற்கு அச்சுத் தொழில் சார்ந்த காரணம் ஒன்றும் உண்டு. அன்றைய அச்சில் படத்தை உலோகத்தில் 'பிளாக்' எடுத்து ஏற்றினார்கள். மை படும் மேடு, மை படாத பள்ளம் என்று இரண்டே நிலை. சாம்பல் நிறம் வேண்டுமானால் படத்தைப் புள்ளிகளாக உடைக்க வேண்டும். சொரசொரப்பான மலிவுத் தாளில் அந்தப் புள்ளிகள் கசங்கிவிடும். பேனாக் கோடு மட்டும் போட்டது போட்டபடியே வரும். அதனால் பத்திரிகை ஓவியர்கள் கோட்டில் கெட்டிக்காரர்களாக ஆனார்கள்.

ஆனந்த விகடனில் மாலி இருந்தார். அவரால் 'சில்பி' என்று பெயர் சூட்டப்பட்டவர், 1919-ல் நாமக்கல்லில் பிறந்த பி.எம்.சீனிவாசன். கோயில் கோயிலாகப் போய், சிற்பத்தின் எதிரிலேயே உட்கார்ந்து வரைந்தார். விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்ற தலைப்பில் வந்த அந்தப் படங்களுக்குத் தேவன் எழுதினார். பின்னாளில் சிதைந்துபோன சில சிற்பங்கள் எப்படி இருந்தன என்று தெரிந்துகொள்ள அந்தப் படங்களைப் புரட்ட வேண்டியிருக்கிறது. கல்கியின் 'பொன்னியின் செல்வ'னுக்கு முதன்முதலில் வரைந்த மணியம், கோட்டையையும் நகையையும் மனம்போன போக்கில் போடாமல், கல்கியோடு அஜந்தாவுக்கும் இலங்கைக்கும் போய்ப் பார்த்து வந்தார். 'தில்லானா மோகனாம்பா'ளுக்கு உருவம் கொடுத்த கோபுலு, முதுமையில் பக்கவாதம் வந்து வலது கை செயலிழந்தபோது இடது கையால் வரையப் பழகினார்.

கோபுலுவுக்குக் கை, மனோகர் தேவதாஸுக்குக் கண். இருவரிடமும் மிஞ்சியது பல்லாண்டு பார்த்துப் பழகிய மனம். அதை நோய் எளிதில் எடுத்துக்கொள்ளவில்லை.

நினைவில் இருந்த ஊர்

மனோகர் தேவதாஸ் சென்னையில் வாழ்ந்தாலும் அவர் பேனா அதிகம் சுற்றியது மதுரையில். 1997-ல் வெளிவந்த அவரது ஆங்கில நூல் 'கிரீன் வெல் இயர்ஸ்', 1940-களின், 50-களின் மதுரையில் வளரும் ஒரு சிறுவனின் கதை. நண்பர்கள், கிணற்றில் நீச்சல், பள்ளிக்கூடம், தெருக்கள். கதைக்கு இடையிடையே அவரே வரைந்த பேனா ஓவியங்கள். பத்தாண்டுகள் கழித்து 2007-ல், 'மல்டிபிள் ஃபேசட்ஸ் ஆஃப் மை மதுரை' என்ற நூலில் ஊரே ஓவியங்களாக வந்தது. கோபுரங்கள், திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம், தூரத்தில் படுத்திருக்கும் யானைமலை.

மதுரை அதற்குள் பெரிதும் மாறிவிட்டிருந்தது. மாடிக் கட்டடங்களும் விளம்பரப் பலகைகளும் மறைத்த கோபுரத்தை, அவை வருவதற்கு முன்பிருந்த மொட்டைமாடியில் நின்று பார்த்தவர் அவர். நேரில் பார்க்க முடியாததைப் போட்டோவிலும், போட்டோவில் இல்லாததை நினைவிலும் தேடி வரைந்தார். இன்றைய மதுரை இளைஞர்கள் அந்தப் படங்களைப் பார்த்து, "நம்ம ஊர் இப்படியா இருந்தது?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு புத்தகம் இருக்கிறது.

2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. 2022 டிசம்பரில், 86 வயதில் சென்னையில் காலமானார். கடைசி ஆண்டுகளில் பார்வை அநேகமாக முழுதும் போய்விட்டிருந்தது. அதற்குள் வரைய வேண்டியதை வரைந்துவிட்டிருந்தார்.

ஸ்ரீபெரும்புதூரை யார் வரைவது?

மதுரையாவது மெல்ல மாறிய ஊர். ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பகுதி, ஐந்து வருடம் வெளியூர் போய்விட்டு வந்தால் அடையாளம் தெரியாத இடம். 1990-களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் தயாரிப்பு தொடங்கியது. 2010-ல் ஒரகடத்திலும் கார் ஆலை வந்தது. 2006-ல் நோக்கியாவின் கைப்பேசி ஆலை இயங்கத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான பெண்களுக்கு முதல் சம்பளம் கொடுத்த அந்த ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. அங்கே வேலை பார்த்தவர்கள் இன்று முப்பதுகளில் இருப்பார்கள். பஸ் நின்ற இடம், கேட் திறக்கக் காத்திருந்த வரிசை, கேன்டீன் தட்டு, தோழிகளோடு டீ குடித்த கடை. இவற்றில் எத்தனைக்குப் படம் இருக்கிறது? பெரிய ஆலைகள் பலவற்றில் கேட்டுக்குள் போகும்போதே போன் கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள். வேலையிடத்தில் கழிந்த வருடங்கள் போன் கேலரியில் வெற்றிடமாகத்தான் இருக்கும்.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கக்கூடிய பெண் தொழிலாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. ஒரு சிற்றூர் மக்கள்தொகை ஒரே வளாகத்தில். மாடிக்கு மாடி கொடியில் காயும் துணி, வரிசையாகக் கழற்றிவிட்ட செருப்பு, தீபாவளிக்கு முந்தின நாள் கிளம்பி நிற்கும் பைகள். இதையெல்லாம் வெளியிலிருந்து வரும் ஓவியர் ஒருநாளில் வரைந்துவிட முடியாது. அங்கே இருக்கிறவர்தான் வரைய முடியும்.

உருவத்தைப் பதிந்து வைக்கும் வழக்கம் இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. ராமாநுஜர் பிறந்த ஊர் இது. ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் இருக்கும் அவரது திருமேனியைத் 'தான் உகந்த திருமேனி' என்பார்கள். அவர் வாழ்ந்த காலத்திலேயே செய்யப்பட்டு, அவரே உகந்து ஏற்றது என்பது வைணவ மரபு. ஆயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்த ஒருவரை, அன்றைக்கு அருகில் இருந்து பார்த்தவர்கள் எப்படிக் கண்டார்களோ அப்படியே நமக்கு விட்டுச்செல்ல நினைத்த ஊர். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் மிஞ்சியிருக்கும் பழைய திண்ணைகளும் தூண்களும், சிப்காட் சாலையின் கன்டெய்னர் லாரிகளும் இன்று ஒரே ஊரின் இரண்டு பக்கங்கள். இரண்டும் ஒரே நோட்டில் இருக்க வேண்டியவை.

முதல் பதினைந்து நாள்

தொடங்க நினைக்கிறவர்களுக்குச் செலவு அதிகமில்லை. ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் நீரில் கரையாத கறுப்பு டிராயிங் பேனா இரண்டு போதும். 0.1 அளவு ஒன்று, 0.5 அளவு ஒன்று. 'இந்தியன் இங்க்' பாட்டில் வாங்கினால், தொட்டு எழுதும் நிப் பேனாவில்தான் பயன்படுத்த வேண்டும். அதில் கரியோடு அரக்கும் சேர்ந்திருக்கும். சாதாரண இங்க் பேனாவில் ஊற்றினால் உள்ளே காய்ந்து அடைத்துக்கொள்ளும். தாள், நோட்டுத் தாளைவிடக் கனமாக இருக்கட்டும். மெல்லிய தாளில் மை ஊறிப் பரவும். பால் பாயின்ட் பேனாவில் பழகலாம், ஆனால் அந்த மை நாளாக நாளாக வெளிறிவிடும். வைத்திருக்க நினைக்கும் படத்துக்கு அது வேண்டாம்.

முதல் ஐந்து நாளுக்குப் படமே வேண்டாம். தாளில் தீப்பெட்டி அளவில் கட்டங்கள் போட்டு, ஒன்றில் இணைகோடு, ஒன்றில் குறுக்குக்கோடு, ஒன்றில் புள்ளி என்று வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு ஐந்து படி நிரப்பலாம். நாளுக்கு ஒரு தாள். கை நடுக்கம் போகும்.

அடுத்த ஐந்து நாள், அறைக்குள் இருக்கும் ஒரே பொருள். டிபன் பாக்ஸ், சேஃப்டி ஷூ, தண்ணீர் பாட்டில் எதுவானாலும் சரி. பொருளை மாற்றாமல் ஐந்து நாளும் அதையே வரைவதுதான் பயிற்சி. மூன்றாம் நாள் அலுப்பு வரும். நான்காம் நாள், ஷூவின் மடிப்பு இதுவரை கவனிக்காத இடத்தில் இருப்பது தெரியும்.

கடைசி ஐந்து நாள் வெளியே போகலாம். பெர்ஸ்பெக்டிவ் கற்க சிப்காட் சாலையைவிடச் சிறந்த பாடப்புத்தகம் கிடையாது. நீண்ட காம்பவுண்டு சுவர், அதன் ஓரம் வரிசையாக விளக்குக் கம்பங்கள். சாலையோரம் உட்கார்ந்து பார்த்தால் சுவரின் மேல்விளிம்பு கீழிறங்கியும், அடிவிளிம்பு மேலேறியும் தொலைவில் ஒரே புள்ளிக்குப் போவது தெரியும். அந்தப் புள்ளி எப்போதும் பார்க்கிறவரின் கண் மட்டத்தில்தான் இருக்கும். எழுந்து நின்றால் அதுவும் எழும். முதலில் பென்சிலில் அந்த இரண்டு சாய்கோடுகளையும் லேசாகப் போட்டுக்கொண்டு, கம்பங்களை அதற்குள் நிறுத்தி, பிறகு பேனா பிடிக்கலாம். மை நன்றாகக் காய்ந்த பிறகே பென்சிலை அழிக்க வேண்டும்.

ஆலைக்குள் இருக்கும் இயந்திரங்களை வரைவது கம்பெனி விதிக்கு எதிரானது. வம்பு வேண்டாம். வரைய வேண்டியது வேறு நிறைய இருக்கிறது. பஸ் ஜன்னலில் சாய்ந்து தூங்கும் முகம், சுங்குவார்சத்திரம் ஜங்ஷனில் விடியற்காலை இட்லிக் கடை, தண்ணீர் நிறைந்திருக்கும்போது ஸ்ரீபெரும்புதூர் ஏரி, அதே ஏரி வற்றிய பிறகு. ஒரே இடத்தை ஆடியில் ஒருமுறை, கார்த்திகையில் ஒருமுறை வரைந்து பார்த்தால் ஊரைப் பற்றிச் சில விஷயங்கள் தானாகவே புரியும்.

கோடு தப்பிப் போனால் தாளைக் கிழிக்க வேண்டாம். அந்தக் கோட்டை ஒரு மின்கம்பியாகவோ மரக்கிளையாகவோ மாற்ற முடிகிறதா என்று பார்க்கலாம். பழைய பத்திரிகை ஓவியர்களுக்கு அவசரத்தில் கைவந்த வித்தை இது.

இன்னொன்று. படம் முடிந்ததும் கீழ் மூலையில் தேதி, இடம், நேரம் மூன்றையும் எழுதிவிட வேண்டும். 'வல்லம் பஸ் ஸ்டாப், காலை 6.10, ஏ ஷிஃப்ட்' என்று எழுதிவைத்தால் போதும். இருபது வருடம் கழித்து அந்த பஸ் ஸ்டாப் இருக்குமா என்பது தெரியாது. அங்கே நின்றவர்கள் யார் யார் என்று பிள்ளைகள் கேட்கும்போது விரல் வைத்துக் காட்ட ஒரு தாள் இருக்கும்.